கணினித்துறையில் ஒப்பந்தப் பணியும் அறிமுகமும் – ஒரு வரலாற்று நோக்கு

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு 'பிரீலான்ஸ்' என்னும் சொல் புதியதன்று. ஆசிரிய பீடத்தில் ஒரு கதிரையோ மாதச் சம்பளமோ இன்றி, அனுப்பிய செய்திக்கு மட்டும் பணம் பெறும் பிரதேச நிருபர்களின் உழைப்பிலேயே இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் பல்லாண்டுகளாக வெளிவந்து கொண்டிருக்கின்றன. அந்தச் சொல் பிறந்த இடம் செய்தி அறையல்ல, போர்க்களம். எந்தப் பிரபுவுக்கும் ஊழியக் கடமைப்படாமல், கூலி தருபவனுக்காகத் தன் ஈட்டியை ஏந்திச் செல்லும் வீரனை அது குறித்தது. சேர் வோல்ற்றர் ஸ்கொட் 1819 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' நாவலே அச்சொல்லை ஆங்கில உலகில் பரவச் செய்தது.

இந்தச் சொல்லை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனதாக்கிக்கொண்ட தொழில் கணினித்துறையாகும். ஆறு மாதம், ஒரு வருடம் என ஒப்பந்தத்தில் வேலை செய்வது, அது முடியுமுன்னரே அடுத்ததைத் தேடுவது, அதற்காக நாலு பேரை அறிந்து வைத்திருப்பது என்பன அத்துறையில் சாதாரண வாழ்க்கை முறையாகிவிட்டன. இன்று இலண்டனிலும் றொரன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எம்மவரின் பிள்ளைகள் பலர் இவ்வாறே பிழைக்கின்றனர். "திறமை இருந்தால் வேலை தானாக வரும்" என்று அவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் இத்துறையின் எழுபது வருட வரலாற்றைப் பார்க்கும்போது அது பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகின்றது. மறுபாதி, வேலை தருபவனுக்கும் வேலை செய்பவனுக்கும் இடையில் யார் நிற்கிறார்கள் என்பதில் அடங்கியிருக்கின்றது.

ஆறு பவுண் முதலீடு

கணினியை விற்ற கொம்பனியே அதற்கான நிரல்களையும் எழுதிக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1955 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களான ஜோன் ஷெல்டன், எல்மர் கூபி ஆகிய இருவரும் நியூயோர்க்கில் ஆரம்பித்த 'கொம்பியூட்டர் யூசேஜ் கொம்பனி'தான், கணினி விற்காமல் நிரல் எழுதும் உழைப்பை மட்டும் விற்ற முதல் நிறுவனமாகக் கருதப்படுகின்றது. 1969 ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம், அதுவரை கணினியோடு சேர்த்துக் கொடுத்துவந்த மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் இனித் தனித்தனியாக விலை அறவிடப்படும் என அறிவித்தது. நிரல் எழுதுபவரின் உழைப்பைத் தனியே விலைபேசக்கூடிய சந்தை அதன் பின்னரே விரிவடைந்தது.

பிரித்தானியாவில் இக்கதையின் முதல் நாயகி ஓர் அகதிப் பெண். 1933 இல் ஜேர்மனியின் டோட்மண்ட் நகரில் பிறந்த ஸ்டெபனி ஷேர்லி, நாஸிகளிடமிருந்து யூதச் சிறுவர்களைக் காப்பாற்றிய புகையிரதப் பயணமொன்றில் 1939 இல் ஐந்து வயதுக் குழந்தையாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். 1962 இல் ஆறு பவுண் முதலுடன் 'பிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்னும் நிறுவனத்தை அவர் தம் வீட்டிலேயே தொடங்கினார். திருமணத்தோடும் பிள்ளைப்பேற்றோடும் வேலையை விட்டு விலக நேர்ந்த பெண் நிரலாளர்களை, வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒப்பந்தப் பணியாளர்களாக அவர் ஒன்றுதிரட்டினார். முதலில் சேர்ந்த 300 பேரில் 297 பேர் பெண்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் எழுதும் பணி இவர்களுடையதே.

அவர் எழுதிய கடிதங்களுக்கு முதலில் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி 'ஸ்டீவ்' என ஆண்பெயரில் கையொப்பமிட்ட பின்னர்தான் வாடிக்கையாளர் அவரைச் சந்திக்க முன்வந்தனர். தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் அழுகுரல் கேட்காதிருக்கத் தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்து பின்னணியில் ஒலிக்கவிட்டதாகவும் அவர் கூறியிருக்கிறார். அவருக்கும் அவரோடு சேர்ந்த பெண்களுக்கும் திறமையில் குறைவேதும் இருக்கவில்லை. ஆண்கள் தமக்குள் வைத்திருந்த அறிமுக வட்டத்தில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். எனவே அவர்கள் தமக்கென ஒரு வட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். 1975 இல் பிரித்தானியாவில் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களை மட்டுமே சேர்க்கும் வழக்கத்தை அந்நிறுவனம் கைவிட நேர்ந்தது.

நெருங்கிய உறவும் தூரத்து அறிமுகமும்

அறிமுகத்தின் மூலம் வேலை கிடைப்பதை நம்மில் பலர் 'செல்வாக்கு' என்றோ 'பின்கதவு' என்றோ இழிவாகப் பேசுவது வழக்கம். இதனை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் மார்க் கிரனோவெற்றர் என்னும் அமெரிக்க சமூகவியலாளர் முக்கியமானவர். பொஸ்ரன் நகருக்கு அருகிலுள்ள நியூற்றன் என்னும் ஊரில், அண்மையில் வேலை மாறிய தொழில்சார், தொழில்நுட்ப, முகாமைத்துவத் துறையினரை அவர் விசாரித்தார். ஆய்வின் முடிவுகள் 1973 இல் கட்டுரையாகவும் 1974 இல் நூலாகவும் வெளிவந்தன. பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைத்தது விளம்பரத்தாலோ நேரடி விண்ணப்பத்தாலோ அன்று, தெரிந்த ஒருவர் மூலமாகவே என்பது அதில் தெரியவந்தது.

இதனினும் முக்கியமானது இன்னொரு முடிவு. தகவல் தந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்கப்பட்டபோது, 'அடிக்கடி' என்றவர்கள் 16.7 சதவீதத்தினர் மட்டுமே. 'இடையிடையே' என்றவர்கள் 55.6 சதவீதம், 'மிக அரிதாக' என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளியது. நமது நெருங்கிய நண்பர்களும் உறவினரும் நாம் பழகும் அதே வட்டத்திலேயே பழகுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். முன்னர் ஒரு காலத்தில் ஒன்றாக வேலை செய்து பிரிந்துபோனவரோ வேறோர் உலகத்தில் நடமாடுகிறார். ஆகவே புதிய செய்தி அவரிடமிருந்தே வருகின்றது.

ஒப்பந்தப் பணியாளருக்கு இது எவ்வளவு பொருந்துகின்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிரந்தர ஊழியர் இருபது வருடத்தில் இரண்டு நிறுவனங்களைக் காண்கிறார். ஒப்பந்தக்காரரோ இருபதைக் காண்கிறார். ஒவ்வொரு இடத்திலும் பிரிந்து செல்லும் சக பணியாளர் ஒவ்வொருவரும் நாளைய வேலைக்கான ஒரு வாசல். ஓய்வூதியமும் சேமலாப நிதியும் இல்லாத அவருக்கு அந்த அறிமுகமே காப்புறுதி.

கலிபோர்னியாவின் சிலிக்கன் பள்ளத்தாக்கு வளர்ந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. 1975 மார்ச் 5 ஆம் திகதி மென்லோ பார்க்கில் ஒரு வாகனக் கொட்டகையில் கூடிய 'ஹோம்புறூ' கணினிக் கழகம் அத்தகைய அறிமுகங்களுக்கு ஓர் உதாரணம். அப்போது ஹியூலற் பக்கார்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் வொஸ்னியாக், தாம் அமைத்த கணினியைக் காட்டியது இக்கழகத்தாரிடமே. பணியை விட்டு விலகிய ஒருவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தங்கள் கலிபோர்னியாவில் செல்லுபடியாகா என்ற 1872 ஆம் ஆண்டுச் சட்ட ஏற்பாடும் இதற்குத் துணைநின்றது. பொஸ்ரனைச் சுற்றிய பிரதேசம் பின்தங்க, இந்தப் பள்ளத்தாக்கு முந்தியதற்கு நிறுவன எல்லைகளைத் தாண்டிய இந்தப் பழக்கமே முக்கிய காரணம் என 1994 இல் வெளிவந்த தமது நூலில் ஆனாலி சக்சேனியன் வாதிட்டார்.

செம்மஞ்சள் அட்டை

இதுவரை சொன்னது சுதந்திரத்தின் கதை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு.

1986 இல் அமெரிக்கா தனது வரிச் சட்டத்தைப் பெரிதாகத் திருத்தியபோது 1706 ஆம் பிரிவு என ஒன்று அதில் சேர்க்கப்பட்டது. முகவர் ஒருவர் ஊடாக வேலைக்கு அனுப்பப்படும் பொறியியலாளர், நிரலாளர், முறைமைப் பகுப்பாய்வாளர் போன்றோரைச் சுயதொழில் செய்வோராகக் கணிப்பதற்கு அதுவரை இருந்த பாதுகாப்பை அது நீக்கியது. நோக்கம் எதுவாயினும், விளைவு வேறாயிற்று. பின்னர் வரித் தண்டம் வந்து சேருமோ என்று அஞ்சிய நிறுவனங்கள் தனி மனிதரோடு நேரடி ஒப்பந்தம் செய்யத் தயங்கின. பெரும்பாலான நிரலாளர்கள் ஏதேனும் ஒரு முகவர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேர்ந்து, தமது மணித்தியால ஊதியத்தில் ஒரு பங்கை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து நடந்தது மைக்ரோசொப்ட் நிறுவனத்தில். 1989, 1990 ஆம் ஆண்டுகளில் அங்கு கணக்குப் பார்த்த அமெரிக்க வரித் திணைக்களம், 'பிரீலான்ஸ்' என்று வைக்கப்பட்டிருந்தவர்கள் உண்மையில் ஊழியர்களே எனத் தீர்மானித்தது. ஊழியரோடு ஒரே குழுவில், ஒரே மேற்பார்வையாளரின் கீழ், ஒரே வேலையை அவர்கள் செய்துவந்தனர். ஆனால் ஆளடையாள அட்டையின் நிறம் வேறு. நிரந்தர ஊழியருக்கு நீலம், இவர்களுக்குச் செம்மஞ்சள். மின்னஞ்சல் முகவரியிலும் இவர்களைப் பிரித்துக் காட்டும் எழுத்து இருந்தது. நிறுவனம் வரியைச் செலுத்தியது, சிலரை ஊழியராக்கியது, ஏனையோரை முகவர் நிறுவனங்களின் ஊடாக வரும்படி பணித்தது.

1992 இல் அவர்களுள் சிலர் தொடுத்த 'விஸ்கைனோ எதிர் மைக்ரோசொப்ட்' வழக்கு எட்டு ஆண்டுகள் நீடித்தது. நிறுவனத்தின் பங்குகளைச் சலுகை விலையில் வாங்கும் உரிமை தமக்கும் உண்டு என்பது அவர்களது கோரிக்கைகளுள் முதன்மையானது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1996 இலும் 1997 இலும் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2000 டிசம்பரில் 97 மில்லியன் டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிக்கப்பட்டது. 'நிரந்தரத் தற்காலிகர்' என்ற பொருள்படும் புதிய ஆங்கிலச் சொல் ஒன்று அவ்வழக்கினால் பிரபலமாயிற்று.

வென்றவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. பின்வந்தவர்களுக்கோ புதிய விதி கிடைத்தது. பன்னிரண்டு மாதம் வேலை செய்த ஒப்பந்தப் பணியாளர் நூறு நாள் வெளியில் நின்ற பின்னரே திரும்பி வரலாம் என 2000 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. அந்த நூறு நாளும் அடுப்பெரிய வேண்டுமே!

தலைக்காசு

அமெரிக்காவின் 1990 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 'எச்-1பி' விசாவை உருவாக்கியது. ஆண்டுக்கு 65,000 பேர் என்பது அதன் வரையறை. ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களை மட்டுமே பயன்படுத்திய பழைய நிரல்கள் 2000 ஆம் ஆண்டு பிறக்கும்போது குழம்பிவிடும் என்ற அச்சமும், இணைய நிறுவனங்களின் எழுச்சியும் ஒருங்கே வந்தபோது ஆட்பற்றாக்குறை ஏற்பட்டது. 1998 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரையறையை 115,000 ஆகவும், 2000 ஆம் ஆண்டுச் சட்டம் 195,000 ஆகவும் தற்காலிகமாக உயர்த்தின. 2004 நிதியாண்டில் அது மீண்டும் 65,000 ஆயிற்று.

அக்காலத்தில் செழித்ததுதான் 'பொடி ஷொப்பிங்' எனப்பட்ட தொழில். முகவர் ஒருவர் இந்தியாவிலிருந்து நிரலாளர்களுக்கு விசா எடுத்து வரவழைப்பார். தேவைப்படும் நிறுவனங்களுக்கு மணித்தியாலக் கணக்கில் அவர்களை வாடகைக்கு விடுவார். வாடிக்கை நிறுவனம் மணிக்கு நூறு டொலர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் இரண்டு முகவர் நின்றால், இருவரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தையே வேலை செய்தவரிடம் கொடுப்பர். வேலை இல்லாத காலத்தில் அவர் 'வாங்கில்' இருத்தப்படுவார். அவ்வாறு இருக்கும்போதும் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என 1998 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததிலிருந்தே, அதுவரை நடந்தது என்னவென்று ஊகிக்கலாம். சியாங் பியாவ் என்னும் மானிடவியலாளர் ஹைதராபாத்திலும் சிட்னியிலும் இத்தொழிலை நேரில் ஆராய்ந்து 2007 இல் நூலொன்றை வெளியிட்டார். இந்த முகவர்கள் பெரும்பாலும் அதே மொழி பேசும், அதே ஊரைச் சேர்ந்தவர்களே என்பதும், விசாவுக்கான செலவு சில குடும்பங்களில் சீதனப் பணத்திலிருந்து வந்தது என்பதும் அந்நூலில் காணப்படும் செய்திகள்.

இதை வாசிக்கும் இலங்கையர் எவருக்கும் கங்காணி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. தமிழகத்துக் கிராமங்களில் தன் சாதிசனத்தையும் ஊராரையும் திரட்டி மலையகத் தோட்டங்களுக்கு அழைத்து வந்தவன் கங்காணி. வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தோட்டத்துரை அவனுக்குக் கொடுத்தது 'தலைக்காசு' எனப்பட்டது. பட்ட கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. 1921 இல்தான் அத்துண்டுமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. லயன் காம்பராவில் வாடியவரையும் குளிரூட்டிய அறையில் இருப்பவரையும் நான் சமப்படுத்தவில்லை. அது மலையக மக்களின் துயரத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் முகவரின் மணித்தியாலப் பங்கு தலைக்காசின் கணக்கிலேயே இயங்குகின்றது. விசா ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டிருந்ததும் துண்டின் வேலையையே செய்தது. புதிய முதலாளி விண்ணப்பித்தவுடனேயே வேலை மாறலாம் என்ற சலுகை 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது.

பிரித்தானியாவில் ஐ.ஆர்.35

பிரித்தானியாவின் ஒப்பந்தக்காரர்கள் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். ஒவ்வொருவரும் தம் பெயரில் ஒரு சிறு வரையறுத்த கொம்பனியைப் பதிந்து, ஊதியத்தின் பெரும்பகுதியைப் பங்கிலாபமாக எடுத்துக்கொண்டனர். 1999 மார்ச் 9 ஆம் திகதி வரவுசெலவுத் திட்டத்தோடு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வெளியிட்ட 35 ஆம் இலக்க ஊடக அறிக்கை இதற்கு முற்றுப்புள்ளி வைக்க முயன்றது. கொம்பனி இடையில் இல்லாவிடில் அவர் ஊழியராகவே கருதப்படுவாராயின், ஊழியருக்குரிய வரியையே செலுத்தவேண்டும் என்றது அது. 2000 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தக்காரர்கள் சங்கம் அமைத்து வழக்காடியும் 2001 இல் தோற்றனர்.

யார் ஊழியர் என்று தீர்மானிக்கும் பொறுப்பு முதலில் ஒப்பந்தக்காரரின் கொம்பனியிடமே இருந்தது. 2017 ஏப்ரலில் அரச துறையிலும், 2021 ஏப்ரலில் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும் அது வேலை தருவோருக்கு மாற்றப்பட்டது. 2022 செப்டெம்பரில் இம்மாற்றங்களை நீக்குவதாக ஒரு நிதியமைச்சர் அறிவித்தார்; அடுத்த மாதமே அவருக்குப் பின்வந்தவர் அதனைக் கைவிட்டார். இதற்கிடையில் பெரிய வங்கிகள் பல தனிநபர் கொம்பனிகளோடு தொடர்பை அறுத்துக்கொண்டன. ஒப்பந்தக்காரர்கள் பலர் 'அம்பிறெல்லா' எனப்படும் இடைத்தரகுக் கொம்பனிகளின் ஊழியராயினர். ஊழியருக்குரிய வரியைக் கட்டினார்கள். ஆனால் வேலை செய்த இடத்தின் நிரந்தர ஊழியராக அவர்கள் ஆகவில்லை.

1986, 1990, 2000, 2021 என இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகின்றது. "இவர் ஊழியரா, சுயதொழிலாளரா?" என்று அரசு கேட்ட ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல அஞ்சிய நிறுவனங்கள் நடுவில் ஒரு முகவரை நிறுத்திக்கொண்டன. சட்டங்களின் நோக்கம் நியாயமானதாக இருந்திருக்கலாம். ஆயினும் அவற்றால் தவறாமல் வளர்ந்தவர் தரகரே. அவரைத் தவிர்க்கவோ அவரிடம் பேரம்பேசவோ ஒப்பந்தக்காரருக்கு இருந்த ஒரே பலம், தம் வேலையை நேரில் கண்டவர்களின் அறிமுகம்தான்.

எம்மவர் நிலை

1983 இன் பின்னர் புலம்பெயர்ந்த எம்மவர்க்கு உறவுகள் குறைவாக இருக்கவில்லை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், சீட்டு என்று நெருக்கமான உறவுகள் நிறையவே இருந்தன. விமான நிலையத்திலிருந்து இறங்கியவரை அழைத்துச் சென்று, மறுவாரமே உணவகத்திலோ பெற்றோல் நிலையத்திலோ தொழிற்சாலையிலோ சேர்த்துவிட்டவை அவ்வுறவுகளே. அந்த நன்றியை மறத்தலாகாது. ஆயினும் கிரனோவெற்றர் கண்ட உண்மை இங்கும் தன் வேலையைச் செய்தது. எல்லோரும் ஒரே வட்டத்தில் இருந்தமையால், வட்டத்துக்குள் இருந்த வேலைகளே மீண்டும் மீண்டும் கைமாறின. பொறியியல் படித்தவரும் கணக்கியல் படித்தவரும் அதே சமையலறைக்கே போய்ச் சேர்ந்தனர்.

"கனேடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வி றொரன்ரோவில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். அக்கேள்வி பாகுபாடாக அமையக்கூடும் என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு கொள்கை வெளியிட்டது 2013 இல்தான். அதற்கு முன்னர் அந்தப் பூட்டைத் திறந்த திறவுகோல்களுள் ஒன்று குறுகிய கால ஒப்பந்தம். நிரந்தரமாக எடுக்கத் தயங்கும் நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருவரை எடுத்துப் பார்க்கத் துணியும். அந்த மூன்று மாதத்தில் கிடைப்பது சம்பளம் மட்டுமன்று. வேறு இனத்தவர், வேறு நகரத்தவர், நாளை வேறு நிறுவனத்துக்குப் போகப்போகிறவர் எனப் பத்துப் பேரின் அறிமுகமும் கிடைக்கின்றது.

சிலிக்கன் பள்ளத்தாக்கின் இந்தியர்கள் இதை முன்னரே உணர்ந்தனர். அவர்கள் தொழில்வல்லோர் சங்கமொன்றையும், 1992 இல் 'ரை' எனப்படும் முயற்சியாளர் அமைப்பையும் தோற்றுவித்தனர். முன்னர் வந்து வென்றவர் புதிதாக வருபவரை முதலீட்டாளரிடமும் வாடிக்கையாளரிடமும் அழைத்துச் செல்வதே அவற்றின் பணி. 2003 மே மாதத்தில் 'லிங்க்ட்இன்' தளம் திறக்கப்பட்டபோது, தூரத்து அறிமுகங்களைப் பேணுவது எவர்க்கும் இலகுவாயிற்று. செம்மஞ்சள் அட்டை வழங்கிய அதே மைக்ரோசொப்ட் நிறுவனம் 2016 இல் அத்தளத்தை 26.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அறிமுகத்துக்கு இருக்கும் சந்தை மதிப்பை அறிய இந்தத் தொகையொன்றே போதும்.

எமது பழைய மாணவர் சங்கங்கள் ஊரிலுள்ள பாடசாலைக்குக் கட்டடம் கட்டவும் மைதானம் திருத்தவும் ஆண்டுதோறும் பணம் சேர்க்கின்றன. அது தொடரவேண்டும். அதனோடு, எந்த நிறுவனத்தில் எந்த வேலையில் எம்மவர் யார் இருக்கிறார் என்ற பட்டியலையும் அவை வைத்திருக்கலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கணினி கற்று வெளியேறும் இளையவருக்கு இன்று தேவைப்படுவது, அவர் செய்த ஒரு சிறு வேலையைப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த வேற்றினத்து முகாமையாளர் ஒருவரிடம் "இவரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்" என்று சொல்லக்கூடிய ஒருவர். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எம்மவர் இல்லாத இடத்தில், அதை விலைக்குச் சொல்லத் தரகர் காத்திருக்கிறார்.